ஜெயித்தது யார்? அலறியது யார்?

2025 ஜூன் 25-ந் தேதி சாயங்காலம். நியூயார்க் நகர மேயர் பதவிக்கு டெமாக்ரட் கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்காக முந்தின நாள் நடந்த ஓட்டெடுப்பின் முடிவு தெரிந்துவிட்டது. எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். சங்க ஆபீசில் அதே பேச்சு. ஒரு தோழர் துள்ளிக் குதித்தார்: “நம்ம இந்தியாக்காரப் பையன் நியூயார்க்கையே பிடிச்சிட்டான்!”

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உதட்டைப் பிதுக்கினேன். “இது முதலாளித்துவக் கட்சியின் உள்வீட்டுச் சண்டை. அண்ணன் போய்த் தம்பி வந்தான். பாட்டாளிக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று பெரிய மனுஷத் தோரணையில் தீர்ப்புச் சொன்னேன்.

ரிங் பிரேம் தோழர் ஒருவர், ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உள்வீட்டுச் சண்டைன்னா கோடீசுவரன் எதுக்குத் தோழர் இந்தப் பாடு படறான்?”

என்னிடம் பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவருக்கு நான் எழுதும் பதில். துள்ளிக் குதித்த தோழர் மீதும் குற்றம் சாட்டப் போகிறேன். ஆனால் முதல் குற்றவாளி நான்தான்.

முதலில் இந்தப் ‘பிரைமரி’ என்ற சங்கதி என்ன என்று பார்ப்போம். நம் ஊரில் கட்சித் தலைமை டிக்கெட் கொடுக்கிறது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். ரயில்வே கம்பெனிக்காரனும் மரக் கம்பெனிக்காரனும் கட்சிப் பெரிய மனிதர்களும் மூடிய அறையில் உட்கார்ந்து அபேட்சகரை முடிவு செய்தார்கள். இதை எதிர்த்து விஸ்கான்சின் ராஜ்யத்தில் லா பாலெட் என்பவர் பல வருஷம் போராடினார். 1904-ல் அங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். அதிலிருந்து, அசல் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்கு ஒரு முன்தேர்தல். சர்க்காரே ஓட்டுச்சாவடி வைக்கும். நியூயார்க்கில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்ட யாரும் ஓட்டுப் போடலாம். பதியாதவன் வாசலில் நிற்க வேண்டியதுதான். கட்சியோ இரண்டே இரண்டு: டெமாக்ரட், ரிபப்ளிகன். இரண்டுக்கும் படியளப்பவன் பணக்காரன்.

‘அப்படியானால் நான் சொன்னது சரிதானே’ என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். டெக்சாஸ் ராஜ்யத்தின் கதை என் வாயை அடைத்தது.

டெக்சாஸ் பருத்தி விளையும் பூமி. அங்கே அந்தக் காலத்தில் டெமாக்ரட் கட்சிதான் சர்வாதிகாரம். அதன் பிரைமரியில் ஜெயித்தவன் தேர்தலில் ஜெயித்த மாதிரி. 1923-ல் அந்த ராஜ்ய சட்டசபை ஒரு சட்டம் போட்டது: டெமாக்ரட் பிரைமரியில் கறுப்பு மனிதன் ஓட்டுப் போடக்கூடாது! நவம்பர் தேர்தலில் வேண்டுமானால் போட்டுக்கொள். பிரைமரியில் மட்டும் கூடாது. கோர்ட்டு அந்தச் சட்டத்தைத் தள்ளியது. உடனே கட்சியே தடை விதித்தது. ‘நாங்கள் தனியார் சங்கம், எங்கள் இஷ்டம்’ என்றார்கள். ஹூஸ்டன் நகரத்துக் கறுப்புப் பல் டாக்டர் லோனி ஸ்மித் போட்ட வழக்கில்தான், 1944-ல், சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் நிலப்பிரபு எந்த வாசலில் காவல் நின்றான் பாருங்கள். வெறும் உள்வீட்டு வாசலுக்கு அவன் அத்தனை பூட்டுப் போடுவானா? பருத்தி எடுக்கும் கூலிக்காரன் எந்த இடத்தில் ஓட்டுப் போட்டால் தனக்கு ஆபத்து என்று பண்ணைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

முடிவுக்கு மறுநாள்

இனி நியூயார்க்குக்கு வருவோம். 2025 ஜூனில் ஒரு பக்கம் ஆண்ட்ரூ கூமோ. நியூயார்க் ராஜ்யத்தின் முன்னாள் கவர்னர். அவர் தகப்பனாரும் அதே கவர்னர். (அங்கே கவர்னர் என்றால் டில்லி அனுப்பும் கவர்னரைப் போல் அல்ல, ஓட்டு வாங்கி, ராஜ்யத்தை ஆளுகிறவர்.) பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று ராஜ்ய அட்டர்னி ஜெனரலின் விசாரணை சொன்னதால் 2021 ஆகஸ்டில் பதவியை விட்டுப் போனவர். மறுபக்கம் ஜோரான் மம்தானி, 33 வயது, ராஜ்ய சட்டசபை மெம்பர். கேட்டது என்ன? கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்கு வாடகை உயர்வு கிடையாது. பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இலவச ஏற்பாடு. நகர நிர்வாகமே நடத்தும் சில மளிகைக் கடைகள். இதற்குப் பணம் கோடீசுவரன் கட்டும் வரி. நம் சங்கத்தின் எந்த மாநாட்டுத் தீர்மானத்தையும் விட இது காரமானதல்ல.

இந்தக் காரத்துக்கே என்ன கண்ணீர்! கூமோவுக்காக வேலை செய்த ஒரே ஒரு பிரசாரக் கமிட்டி 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அதில் 80 லட்சத்துக்கு மேல் கொடுத்தவர் ஒரே மனிதர்: பழைய மேயர் மைக்கேல் புளூம்பெர்க். பத்திரிகை, டெலிவிஷன், தபால் எல்லாம் ஒரே பாட்டு. எதிரில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் எல்லாம் எண்ணி முடித்தபோது மம்தானிக்கு 56 சதவீதம், கூமோவுக்கு 44.

இந்த இடத்தில் வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மில் தொழிலாளர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். கட்டடங்களில் கூட்டிப் பெருக்கி, காவல் காக்கும் தொழிலாளரின் பெரிய சங்கம் யார் பக்கம் நின்றது தெரியுமா? கூமோ பக்கம். ஓட்டல் தொழிலாளர் சங்கம்? கூமோ பக்கம். ஆஸ்பத்திரி ஊழியரின் பிரம்மாண்டமான சங்கம்? அதுவும் கூமோ பக்கம். மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் வட்டாரக் கிளை முதலிலிருந்தே மம்தானியோடு நின்றது என்பது ஒரு ஆறுதல். மற்றத் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள்: ‘ஜெயிக்கிற குதிரை கூமோ; நாளைக்கு ஒப்பந்தம் பேச அவன் தயவு வேண்டும்.’ அந்தக் கட்டடங்களைப் பெருக்கும் தொழிலாளி வாடகை கொடுக்க முடியாமல் திணறுகிறான். அவன் சந்தாப் பணத்தில் நடக்கும் சங்கம், வீட்டுச் சொந்தக்காரர்கள் பணம் கொட்டிய அபேட்சகருக்குக் கை தூக்குகிறது! ஓட்டு எண்ணிச் சில நாட்களுக்குள் கட்டடச் சங்கமும் ஓட்டல் சங்கமும் பல்டி அடித்து மம்தானி பக்கம் வந்து நின்றன. வந்ததை வரவேற்கலாம். ஆனால் தொழிலாளி வழி காட்ட, தலைவர் பின்னால் ஓடி வந்தார் என்ற கணக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வியாதி நியூயார்க்கில் மட்டும்தான் என்று யாராவது நினைத்தால் அவர் பாக்கியசாலி.

முடிவு வந்த ஆறாவது நாள், ஜூன் 30. நகரத்தில் சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு வாடகையை நிர்ணயிக்கும் போர்டு கூடியது. ஒன்பது மெம்பர்கள், எல்லாரும் மேயர் நியமிப்பவர்கள், அன்று இருந்த மேயர் ஆடம்ஸ். லட்சக்கணக்கான ஜனங்கள் வாடகை ஏறக்கூடாது என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். போர்டு என்ன செய்தது? ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு 3 சதவீதம் ஏற்றியது. 2015, 2016, 2020 ஆகிய மூன்று வருஷங்களில் இதே போர்டு ஒரு காசு ஏற்றாமல் இருந்திருக்கிறது. ஆகவே முடியாத காரியமும் அல்ல. ஓட்டுப் பெட்டிக்கும் வாடகை ரசீதுக்கும் நடுவே எத்தனை நாற்காலிகள் கிடக்கின்றன என்பதை அந்த ஒரு வாரம் காட்டிவிட்டது.

கூமோ என்ன செய்தார்? கட்சித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டாரா? சுயேச்சையாக நின்றார். நவம்பர் தேர்தலுக்கு முந்தின நாள், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், தம் ரிபப்ளிகன் கட்சிக்குச் சொந்த அபேட்சகர் ஒருவர் களத்தில் நிற்கும்போதே, ‘கூமோவுக்குப் போடுங்கள்’ என்றார்! டெமாக்ரட் கட்சியின் செனட் தலைவர் ஷூமர், நியூயார்க்கின் சொந்தப் புள்ளி, தம் கட்சி அபேட்சகரான மம்தானிக்குக் கடைசி வரை ஆதரவு சொல்லவில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. வருஷம் பூராவும் ‘கட்சிக் கட்டுப்பாடு’ என்று உபதேசம் செய்கிறவர்கள் இவர்கள்.

ரிங் பிரேம் தோழரே, உங்கள் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. இரண்டு கட்சி என்பது நமக்காகப் போட்ட வேலி. அவர்களுக்கு அது திறந்த வெளி. வேலிக்குள்ளேயே கூலிக்காரன் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டால், வேலியைப் பிடுங்கி எறிகிறார்கள்.

2025 நவம்பர் 4-ந் தேதி 20 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். மம்தானி 10 லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். 2026 ஜனவரி 1-ந் தேதி பதவி ஏற்றார்.

எல்லா ஊரிலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. அதே நியூயார்க் ராஜ்யத்தில் பபலோ என்ற தொழில் நகரம். ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளும் மாவு ஆலைகளும் ஓடிய ஊர். 2021 ஜூன் பிரைமரியில் இந்தியா வால்ட்டன் என்ற நர்ஸ் அம்மாள், நாலு குழந்தைக்குத் தாய், நாலு தடவை மேயராக இருந்த பைரன் பிரௌனைத் தோற்கடித்தார். ரிபப்ளிகன் அபேட்சகரே இல்லை. ஆகவே மேயர் அந்த அம்மாள்தான் என்று நாடே நினைத்தது. பிரௌன் விடவில்லை. ஓட்டுச் சீட்டில் பெயர் இல்லாதவர் பெயரைக் கையால் எழுதியும் ஓட்டுப் போடலாம் என்று அங்கே ஒரு விதி. வியாபாரிகளும் ரிபப்ளிகன்களும் பின்னால் திரண்டார்கள். பெயரை எழுதவும் கஷ்டப்பட வேண்டாம் என்று ஜனங்களுக்கு ரப்பர் ஸ்டாம்பு விநியோகம் செய்தார்கள்! நவம்பரில் அவருக்கே சுமார் 60 சதவீதம். 2024 அக்டோபரில் அந்த மேயர் நாற்காலியையும் பாதியில் விட்டுவிட்டு, குதிரைப் பந்தய சூதாட்டக் கார்ப்பொரேஷன் ஒன்றின் தலைமை அதிகாரியாகப் போய்விட்டார். நர்ஸ் அம்மாளிடமிருந்து அந்த நகரத்தைக் காப்பாற்றியது இதற்குத்தான்.

இப்போது துள்ளிக் குதித்த தோழருக்கு இரண்டு வார்த்தை. ‘நம்ம இந்தியாக்காரன்’ என்கிறீர்களே, தெற்குக் கரோலினா ராஜ்யத்தில் 2010-ல் ரிபப்ளிகன் பிரைமரியில் ஜெயித்து, 2011 முதல் 2017 வரை கவர்னராக இருந்த நிக்கி ஹேலியும் பஞ்சாபிப் பெற்றோரின் மகள்தான். தொழிற்சங்கம் உள்ள கம்பெனி எங்கள் ராஜ்யத்துக்கு வரவே வேண்டாம் என்று பகிரங்கமாகப் பேசியவர் அவர். அவரும் நம்ம ஆள்தானா? மம்தானியை நான் மதிப்பதற்குக் காரணம் அவர் தாய் மீரா நாயர் இந்தியாவில் பிறந்தவர் என்பதல்ல. 2021-ல் நியூயார்க் டாக்சி டிரைவர்கள், பெர்மிட்டுக்காக லட்சக்கணக்கான டாலர் கடனில் மூழ்கி, சிலர் தற்கொலையே செய்துகொண்ட பிறகு, நகர மண்டபத்தின் முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து 15 நாள் பட்டினி கிடந்தார் இந்தச் சட்டசபை மெம்பர். கடன் வெட்டிக் குறைக்கப்பட்டது. மீதிக்கு நகர நிர்வாகம் ஜாமீன் நின்றது. ஜனங்கள் அவரை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக அவருக்கு நாம் செங்கொடி போர்த்திவிட வேண்டாம். ‘கம்யூனிஸ்ட், கம்யூனிஸ்ட்’ என்று டிரம்ப் கூவினார். அவர் தம்மை ஜனநாயக சோஷலிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். ஜெயித்த கையோடு, பெரும் கோடீசுவரக் குடும்பத்துப் பெண்மணியான பழைய போலீஸ் கமிஷனரையே அதே நாற்காலியில் நீடிக்கச் சொன்னவரும் அவர்தான். இதெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

யாரும் பார்க்காத முடிவு

மேயர் நாற்காலியில் உட்கார்ந்தால் கோடீசுவரன் மீது வரி போட முடியுமா? முடியாது. அந்த அதிகாரம் ஆல்பனி நகரத்தில் உள்ள ராஜ்ய சட்டசபையிடம். பஸ்களை நடத்தும் ஸ்தாபனமும் ராஜ்யத்தின் கையில். வாடகைச் சட்டத்தைக் கூட, 1971 முதல், ராஜ்யச் சட்டத்தை விடக் கடுமையாக நகரம் இயற்றிக்கொள்ள முடியாது. ஆகவே தாரை தப்பட்டையோடு வரும் மேயர் முடிவைப் பார்க்கும் கண், ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் ராஜ்ய செனட் பிரைமரி முடிவையும் பார்க்க வேண்டும்.

2018 செப்டம்பர் 13. அன்று கவர்னர் பிரைமரியில் இதே கூமோவை எதிர்த்து நடிகை சிந்தியா நிக்சன் நின்றார். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கித் தோற்றார். ‘இடதுசாரிகள் காலி’ என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. எங்களைப் போன்ற உதடு பிதுக்கிகளும் தலையை ஆட்டினோம். அதே நாள், அதே ஓட்டுச்சாவடியில், வேறொன்று நடந்தது. செனட்டில் ஜெப்ரி கிளைன் என்பவர் 2011 முதல் ஒரு கோஷ்டி வைத்திருந்தார். டெமாக்ரட் என்று ஓட்டு வாங்குவது. சபைக்குள் போய் ரிபப்ளிகனோடு கூடிக்கொள்வது. கடைசியில் அந்தக் கோஷ்டியில் எட்டுப் பேர். ஜனங்கள் கொதித்ததும், அந்த ஏப்ரலில் ‘கோஷ்டியைக் கலைத்துவிட்டோம்’ என்று சாதுவாக நின்றார்கள். பிரைமரி வந்தது. எட்டில் ஆறு பேர் தோற்றார்கள், கிளைனும் தோற்றார்.

நவம்பரில் ரிபப்ளிகன்கள் பல ஸ்தானங்களை இழந்து செனட் கைமாறியது. பேரம் பேசிக் காலை வாரிவிடக் கோஷ்டியும் இல்லை. விளைவு? 2019 ஜூனில் வாடகைச் சட்டம்: குடியிருப்பவன் காலி செய்ததும் வாடகையை எகிற வைக்கும் தந்திரம் ஒழிந்தது, அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றானது. அதே மாதம், அதே சபையில், விவசாயத் தொழிலாளர் சட்டம்.

நம் கிராமத்துத் தோழர்களே, இதைக் கேளுங்கள். 1935-ல் அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தது. 1938-ல் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரச் சட்டம் வந்தது. சங்க உரிமையும், அதிக நேரத்துக்கு அதிகக் கூலியும் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தன. வயலில் வேலை செய்பவனை வெளியே நிறுத்தினார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் ஆப்பிள் பறிப்பவன், பால் கறப்பவன், காய்கறி அறுப்பவன் எல்லாம் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் குவாதமாலாவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் வந்தவன். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்கக்கூடச் சட்டம் இல்லை. அவர்களுக்காக ஒரு மசோதா வருஷக்கணக்கில் அந்தச் செனட்டில் தூசி படிந்து கிடந்தது. பழைய செனட் போனது. மசோதா எழுந்து உட்கார்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் சங்கம் வைக்கும் உரிமை, வாரம் ஒரு நாள் ஓய்வு, வாரத்தில் 60 மணிக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. இதையும் முழு மனசோடு கொடுக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்ற முள்ளையும் உள்ளே செருகித்தான் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட கவர்னர் யார்? அதே கூமோ! 2018-ல் ஜெயித்த அவர் கையாலேயே, அவர் கட்சியிலிருந்து துரத்தப்பட்ட கோஷ்டி தடுத்து வைத்திருந்ததை எழுதி வாங்கினார்கள்.

அந்த ஆப்பிள் தோட்டத்துக் கூலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஓட்டே கிடையாது. நியூயார்க் நகரத்தின் வாடகைவீட்டுக்காரன் தன் வாடகைக்காகப் போட்ட ஓட்டு, முந்நூறு மைல் தள்ளிப் பால் கறப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்தது. நான் அன்று சங்க ஆபீசில் உதட்டைப் பிதுக்கியது இதைத்தான்.

60 மணி என்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஏற்பாடு ஆயிற்று. 2024-ல் 56 மணி, 2026-ல் 52, இப்படியே இறங்கி 2032-ல்தான் 40 மணி. ஆலைக்காரனுக்கு 1940-ல் வந்தது வயல்காரனுக்கு வர இன்னும் அத்தனை வருஷம். பண்ணைச் சொந்தக்காரர்கள் இதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்து வருகிறார்கள். ராஜ்ய செனட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல்; அதற்கு முன்னால் ஒரு பிரைமரி. 2026, 2028, 2030, 2032. பண்ணைக்காரர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.